பெரிய மாதிரிப் பாய்மரப் படகுக்கு எந்த மின்கலன்? எடையைவிட நம்பகமே முக்கியம்

பாய்மரப் படகு காற்றில் ஓடுகிறது. அதற்கு எதற்கு மின்கலன் என்ற கேள்வி, தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிப் படகுகளை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும். படகு கரையிலிருந்து நூறு மீட்டர் தள்ளிப்போன பிறகு கையிலுள்ள கருவிக்குக் கட்டுப்படாமல் நின்றுவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். காற்று இருக்கும், பாய் விரிந்திருக்கும், ஆனால் சுக்கான் திரும்பாது. பல மாதம் உழைத்துக் கட்டிய படகு, காற்று தள்ளும் பக்கமெல்லாம் போய்க்கொண்டிருக்கும்.

சிங்கப்பூரில் இது சற்றுக் கூடுதலான தலைவலி. இங்குள்ள 17 நீர்த்தேக்கங்களும் குடிநீருக்கானவை. நினைத்த மாத்திரத்தில் இறங்கி நீந்திப் படகை மீட்க முடியாது. எந்த நீர்த்தேக்கத்தில் எந்த நீர் நடவடிக்கைக்கு அனுமதி என்பதைப் பொதுப் பயனீட்டுக் கழகம் வரையறுத்துள்ளது. மாதிரிப் படகு விடுவோரும் முதலில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கலனில் இன்னொரு பக்கமும் உண்டு. படகு நீரில் இருப்பது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம். மற்ற நேரமெல்லாம் அந்த மின்கலன் இருப்பது வீவக வீட்டின் அலமாரியில். ஆகவே படகுக்கு ஏற்றதா என்பதோடு, வீட்டுக்கு ஏற்றதா என்றும் கேட்டே மின்கலனைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

காற்றை நம்பிய ‘ஜோங்’

மாதிரிப் பாய்மரப் படகு இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. சிங்கப்பூரின் தென்தீவுகளில் வாழ்ந்த மலாய் மக்களும் ரியாவ் தீவு மக்களும் ‘ஜோங்’ எனப்படும் ஆளில்லாச் சிறு பாய்மரப் படகுகளைக் கட்டிப் போட்டியிட்டு வந்துள்ளனர். அதில் மின்கலனும் இல்லை, கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லை. காற்றின் திசையையும் வலுவையும் கணித்துப் பாயைச் சரிசெய்து நீரில் விட்டுவிட வேண்டியதுதான். அதன்பின் எல்லாம் படகும் காற்றும் பார்த்துக்கொள்ளும்.

தொலைக்கட்டுப்பாட்டுப் படகில் கூடுதலாகச் சேர்ந்தவை மூன்று. கரையிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் ரிசீவர் ஒன்று. சுக்கானைத் திருப்பும் சிறிய செர்வோ மோட்டார் இன்னொன்று. பாய்க்கயிற்றை இழுத்தும் தளர்த்தியும் பாயின் கோணத்தை மாற்றும் ‘வின்ச்’ மூன்றாவது. மின்கலன் இந்த மூன்றுக்கும் மட்டுமே மின்சாரம் தருகிறது. படகை ஓட்டுவது காற்றுதான். படகைக் கட்டுப்படுத்துவது மட்டுமே மின்கலனின் வேலை.

மோட்டார் படகு, மாதிரி விமானம் ஆகியவற்றுக்கு மின்கலன் வாங்கிப் பழகியவர்கள் பாய்மரப் படகுக்கும் அதே மின்கலனை வாங்குவதுண்டு. மோட்டார் படகில் மின்கலன் வலுவாக இருந்தால் வேகம் கூடும். பாய்மரப் படகில் அப்படி எதுவும் கூடாது. எவ்வளவு வலுவான மின்கலனைப் போட்டாலும் படகு ஒரு சாண்கூட வேகமாகப் போகாது.

மின்சாரம் எங்கே செலவாகிறது?

உலகெங்கும் பரவலாக உள்ள ‘இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்’ வகைப் படகை எடுத்துக்கொள்ளலாம். உடலின் நீளம் அதிகபட்சம் ஒரு மீட்டர். எடை குறைந்தது நான்கு கிலோகிராம் இருக்க வேண்டும். அதில் பாதிக்கும் மேல் அடியில் தொங்கும் தகட்டிலும் ஈயக் குண்டிலும் இருக்கிறது. ‘மார்பிள்ஹெட்’ வகை அதைவிட நீளமானது, ஏறத்தாழ 1.29 மீட்டர். பத்து கிலோவைத் தாண்டும் படகுகளும் உள்ளன.

இவற்றில் ரிசீவர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிகக் குறைவு. சுக்கான் மோட்டார் விட்டுவிட்டு வேலை செய்கிறது. பெரும்பங்கை உறிஞ்சுவது வின்ச்தான். மென்காற்றில் அதற்கு அதிக வேலை இல்லை. பலத்த காற்றில் பாயை உள்ளே இழுக்கும்போது அது காற்றின் முழு வலுவையும் எதிர்த்துப் போராடுகிறது. இழுக்க முடியாமல் திணறி நிற்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் பாய்கிறது. அந்த உச்ச அளவை வின்ச் தயாரிப்பாளர் குறிப்பேட்டில் கொடுத்திருப்பார். பெரிய படகுகளின் வின்ச்களில் அது நான்கு, ஐந்து ஆம்பியரைத் தொடுவது சாதாரணம்.

எனவே மின்கலன் வாங்கும்முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். கருவிகள் எத்தனை வோல்ட் தாங்கும்? உச்ச நேரத்தில் எத்தனை ஆம்பியர் தேவை? எத்தனை மணி நேரம் படகு ஓட வேண்டும்? மின்கலனின் எடை படகைப் பாதிக்குமா?

முதல் கேள்வி: வோல்ட்

சுக்கான் மோட்டார், வின்ச், ரிசீவர் ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட்டில் இயங்கும் என்பது அதனதன் குறிப்பேட்டில் இருக்கும். மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே எல்லை. பழைய செர்வோ மோட்டார்கள் பலவற்றுக்கு 4.8 முதல் 6 வோல்ட் வரைதான் பொருந்தும். அதிக வோல்ட் தாங்கும் புதிய வகைகள் 7.4 வோல்ட், சில 8.4 வோல்ட் வரை ஏற்கும்.

இங்கு அடிக்கடி நேரும் தவறு, மின்கலனின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பது. அந்த எண் சராசரி. முழுதாக மின்னேற்றியதும் வோல்ட் அதைவிடக் கூடுதலாக இருக்கும். 7.4 வோல்ட் என்று எழுதிய லித்தியம் பாலிமர் மின்கலன் முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட் காட்டும். ஆறு வோல்ட் மட்டுமே தாங்கும் மோட்டாரை அதில் நேராக இணைத்தால் மோட்டார் கருகிவிடும்.

வோல்ட்டைக் குறைத்துத் தரும் ‘ரெகுலேட்டர்’ ஒன்றை நடுவில் பொருத்தலாம். ஆனால் வின்ச்சின் உச்ச ஆம்பியரை அதுவும் தாங்க வேண்டும். மேலும், மின்கலனுக்கும் சுக்கானுக்கும் இடையில் பழுதாகக்கூடிய பொருள் ஒன்று கூடிவிடுகிறது. கருவிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் வோல்ட் கொண்ட மின்கலனைத் தேடுவதே எளிய வழி.

இரண்டாம் கேள்வி: உச்ச ஆம்பியர்

வின்ச் திணறும்போது மின்கலனின் வோல்ட் சற்று இறங்கும். ரிசீவருக்குத் தேவையான அளவுக்கும் கீழே அது இறங்கினால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து மீண்டும் உயிர்பெறும். கரையில் நிற்பவருக்கு அது படகு ‘சொன்னதைக் கேட்காத’ நொடியாகத் தெரியும். ரேடியோவில்தான் கோளாறு என்று பலரும் நினைத்துவிடுவார்கள். உண்மையில் பல நேரங்களில் குற்றவாளி மின்கலனோ, மெல்லிய கம்பியோ, துருப்பிடித்த இணைப்போதான்.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். மின்கலனுக்கும் வின்ச்சுக்கும் இடைப்பட்ட கம்பி, சுவிட்ச், இணைப்பு எல்லாம் சேர்த்துப் பத்தில் ஒரு ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஆம்பியர் பாயும்போது அரை வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். ஐந்தரை வோல்ட்டில் இருக்கும் மின்கலன் ரிசீவருக்கு ஐந்து வோல்ட்டாகவே போய்ச் சேரும்.

இதற்குத் தீர்வு பெரிய மின்கலனன்று. தடித்த, குட்டையான கம்பி வேண்டும். நல்ல சுவிட்ச் வேண்டும். வின்ச்சுக்கு ரிசீவர் வழியாக இல்லாமல் மின்கலனிலிருந்து நேராகத் தனிக் கம்பி கொடுத்தால், அந்தத் தனிக் கம்பியில் ஏற்படும் இழப்பு ரிசீவரைப் பாதிக்காது. அவ்வாறு செய்யும்போது இரண்டின் எதிர்முனைக் கம்பிகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும்.

சுருள் கம்பி முனையுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ‘ஏஏ’ மின்கலன்களைச் செருகிப் படகில் வைப்பதும் ஆபத்து. படகு குலுங்கும்போது தொடர்பு விட்டுப்போகும். ஈரம் பட்டால் முனை துருவேறும். பற்றவைத்து ஒரே கட்டாகக் கட்டிய மின்கலனே படகுக்கு ஏற்றது.

மூன்றாம் கேள்வி: எத்தனை மணி நேரம்?

ஒரு படகில் ரிசீவர் 0.1 ஆம்பியர், சுக்கான் மோட்டார் சராசரியாக 0.15 ஆம்பியர், வின்ச் சராசரியாக 0.45 ஆம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 0.7 ஆம்பியர். இரண்டரை மணி நேரம் ஓட்டினால் 1.75 ஆம்பியர் மணி செலவாகும். மின்கலனின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் பயன்படுத்தாமல் மீதியைக் கையிருப்பாக வைத்திருப்பது நல்ல பழக்கம். அப்படியானால் ஏறக்குறைய 2.6 ஆம்பியர் மணி, அதாவது 2,600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கலன் தேவை.

இதற்கு மாற்று வழியும் உண்டு. 2,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட இரண்டு கட்டுகளை வைத்துக்கொண்டு நடுவில் ஒருமுறை மாற்றினால் ஒவ்வொன்றிலும் பாதிக்கும் குறைவாகவே செலவாகும். ஒன்று பழுதானாலும் அன்றைய ஓட்டம் கெடாது.

மேலே சொன்ன எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. ஒவ்வொரு படகுக்கும் அளவு வேறுபடும். அதைக் கண்டறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. மின்கலனை முழுதாக ஏற்றி, நல்ல காற்றுள்ள நாளில் சரியாக அரை மணி நேரம் படகை ஓட்ட வேண்டும். பிறகு மீண்டும் மின்னேற்றும்போது எத்தனை மில்லி ஆம்பியர் மணி உள்ளே போனது என்பதை மின்னேற்றியின் திரை காட்டும். அதை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு. மின்னேற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் இந்த எண் உண்மைச் செலவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் கேடில்லை.

செலவு எதிர்பாராத அளவு அதிகமாக இருந்தால் பெரிய மின்கலன் வாங்கும்முன் வின்ச்சைப் பார்க்க வேண்டும். பாய் முழுதாக உள்ளே வந்த பிறகும் வின்ச் இன்னும் இழுக்க முயன்றுகொண்டிருந்தால், அது ஓயாமல் உச்ச மின்சாரத்தை உறிஞ்சும், சூடாகும். கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரில் வின்ச் எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையைச் சரிசெய்தாலே சிக்கல் தீர்ந்துவிடும்.

நான்காம் கேள்வி: எடை

இங்குதான் பெரிய பாய்மரப் படகின் கணக்கு மாதிரி விமானத்தின் கணக்கிலிருந்து விலகுகிறது. லித்தியம் பாலிமர் மின்கலனின் தனிச்சிறப்பு இரண்டு. எடை குறைவு. ஒரே வீச்சில் ஏராளமான மின்சாரம் தரும். விமானத்துக்கு இரண்டும் உயிர்நாடி.

பெரிய பாய்மரப் படகில் நிலைமை வேறு. ‘ஏஏ’ அளவிலான நிக்கல் வகை மின்கலன் ஒன்று ஏறக்குறைய 27 கிராம். ஐந்து சேர்ந்தால் 135 கிராம். ஏறத்தாழ அதே கொள்ளளவுள்ள லித்தியம் பாலிமர் மின்கலன் 100 கிராம் அளவில் இருக்கும். வேறுபாடு 35 கிராம். நான்கு கிலோ படகில் அது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. பல படகுகளில் குறைந்தபட்ச எடையை எட்டுவதற்காகத் தனியாக ஈயத் துண்டுகளை ஒட்டுகிறார்கள். அங்கே மின்கலனில் எடையை மிச்சம்பிடித்து ஈயமாகத் திரும்ப வைப்பதே நடக்கிறது.

படகின் உடல் ஏற்கெனவே எல்லையைவிடக் கனமாக அமைந்துவிட்டது, அதை வைத்துப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்றால் ஒவ்வொரு கிராமும் முக்கியம்தான். வார இறுதியில் மகிழ்ச்சிக்காகப் படகு விடுவோருக்கு அந்தக் கவலை இல்லை.

வீச்சும் அப்படியே. மின்கலனில் ‘50சி’ என்று எழுதியிருந்தால் அதன் கொள்ளளவைப் போல் ஐம்பது மடங்கு மின்சாரம் தரும் என்று பொருள். இரண்டு ஆம்பியர் மணி மின்கலன் நூறு ஆம்பியர் தரும். பாய்மரப் படகின் வின்ச்சுக்குத் தேவை ஐந்து ஆம்பியர். அதற்கு மூன்று மடங்குகூட வேண்டியதில்லை.

எடையைவிட முக்கியம் இடம். மின்கலனைப் படகின் அடித்தளத்துக்கு இயன்றவரை அருகில், நீளவாக்கில் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். படகு சாயும்போது நகராமல் ஒட்டுப்பட்டையால் இறுக்க வேண்டும். 150 கிராம் மின்கலன் முன்மூக்குப் பக்கம் நழுவினால் படகின் சமநிலை மாறிவிடும்.

எந்த வகை?

சாதாரண ஆல்கலைன் மின்கலன் டிரான்ஸ்மிட்டருக்குச் சரி. படகுக்குள் அது வேண்டாம். வின்ச் இழுக்கும்போது அதன் வோல்ட் வேகமாக இறங்கிவிடும்.

மூடிய ஈய அமில மின்கலன் பழைய பெரிய படகுகளில் இருந்தது. ஆறு வோல்ட், நான்கு ஆம்பியர் மணி கொண்டது முக்கால் கிலோ அளவுக்குக் கனக்கும். பத்து கிலோவுக்கும் மேற்பட்ட படகில் அது இன்றும் ஒத்துவரும். ஒரு மீட்டர் படகுக்கு அது பெரும் சுமை.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலன் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். ஐந்து சேர்ந்தால் ஆறு வோல்ட். முழு மின்னேற்றத்தில் ஏழு வோல்ட் வரை காட்டினாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும். இதன் பழைய குறை, சும்மா வைத்திருந்தாலே மின்சாரம் கசிந்துபோவது. 2005ஆம் ஆண்டு சான்யோ நிறுவனம் ‘எனலூப்’ மின்கலனை அறிமுகப்படுத்திய பிறகு அந்தக் குறை பெருமளவு நீங்கியது. இன்று பல நிறுவனங்கள் அந்த வகையை விற்கின்றன. தீப்பிடிக்கும் அபாயம் லித்தியம் வகைகளைவிட மிகக் குறைவு.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலனைக் கடைகளில் ‘லைஃப்’ என்பார்கள். 1990களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் தலைமையிலான குழு இதன் அடிப்படைப் பொருளைக் கண்டறிந்தது. லித்தியம் அயன் மின்கலனுக்கான பங்களிப்புக்காக அவருக்கு 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இரண்டு சேர்ந்தால் 6.6 வோல்ட். முழு மின்னேற்றத்தில் 7.2 வோல்ட் அளவு. மற்ற லித்தியம் வகைகளைவிட வெப்பத்தை நன்கு தாங்கும். தீப்பற்றுவது கடினம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இதன் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்துவிட்டு முடிவில் சட்டெனச் சரியும். வோல்ட்டைப் பார்த்து ‘இன்னும் பாதி இருக்கிறது’ என்று கணிக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் படகைக் கரைக்கு அழைக்க வேண்டும்.

லித்தியம் பாலிமர் மின்கலன் இலகுவானது, வலுவானது. குத்துப்பட்டால், அளவுக்குமேல் ஏற்றினால், அளவுக்குக் கீழே வடியவிட்டால் உப்பும், தீப்பற்றவும் கூடும். பயன்படுத்தாத நாள்களில் ஒவ்வொரு அறையையும் 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும். அதற்கான ஒழுங்கு இருப்பவர்கள் பயன்படுத்தலாம். ஆனால், மேலே பார்த்ததுபோல் பெரிய பாய்மரப் படகுக்கு இதன் சிறப்புகள் பெரிதாக உதவுவதில்லை. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், கருவிகள் ஆறு வோல்ட் வகை என்றால் ஐந்து நிக்கல் மின்கலன் கட்டு. கருவிகள் 7.4 வோல்ட் வரை தாங்கும் என்றால் இரண்டு அறை ‘லைஃப்’. பெரும்பாலோருக்கு இந்த இரண்டுக்குள் விடை அடங்கிவிடும்.

வீட்டுக்குள் மின்னேற்றம்

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் புக்கிட் பாத்தோக்கில் மின்தூக்கிக்குள் மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் 20 வயது இளையர் ஒருவர் உயிரிழந்தார். மாதிரிப் படகின் மின்கலன் அதைவிட மிகச் சிறியது. என்றாலும் லித்தியம் வகை தீப்பற்றும் விதம் ஒன்றுதான். சில நொடிகளில் பெருந்தீயும் நச்சுப் புகையும் கிளம்பும். அடுக்குமாடி வீட்டில் அது ஒரு குடும்பத்தோடு நிற்காது.

எனவே மின்னேற்றும்போது ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இரவில் தூங்கப் போகும்போது செருகிவிட்டுப் போகக்கூடாது. வாசல் வழியை மறிக்கும் இடத்தில் வேண்டாம். மெத்தை, சோபா, திரைச்சீலை அருகிலும் வேண்டாம். ஓடு பதித்த தரையே நல்லது. தீப்பிடித்தால் எல்லாரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையை 995 என்ற எண்ணில் அழைக்க வேண்டும்.

மின்னேற்றியில் மின்கலனின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு முக்கியமான படி. ‘லைஃப்’ மின்கலன் ஓர் அறைக்கு 3.6 வோல்ட் அளவில் நிறைந்துவிடும். அதை லித்தியம் பாலிமர் என்று தேர்ந்தெடுத்தால் மின்னேற்றி 4.2 வோல்ட் வரை தள்ளும். ஒரு பொத்தான் தவறினால் நல்ல மின்கலன் கெட்டுவிடும். வகையின் பெயரை மின்கலன்மீது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைப்பது உதவும். வீட்டு மின்சாரத்தில் செருகும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

தேக்காவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஜாலான் புசார் பக்கம் இருக்கும் சிம் லிம் டவர், மின்னணு உதிரிபாகங்களுக்குப் பல்லாண்டுகளாகப் பெயர்பெற்ற இடம். கம்பி, இணைப்பு, சுவிட்ச், அளவுமானி ஆகியவற்றை அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். அருகிலிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது. பழைய மடிக்கணினியிலிருந்தோ மின்சேமிப்புக் கருவியிலிருந்தோ பிரித்தெடுத்த மின்கலன்கள் இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. எத்தனை ஆண்டு உழைத்தவை, எப்படிப் பயன்படுத்தப்பட்டவை என்று யாருக்கும் தெரியாத அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

லேபிளில் உள்ள எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. ‘ஏஏ’ அளவு நிக்கல் மின்கலனில் இயல்பாக எதிர்பார்க்கக்கூடியது 2,000 முதல் 2,700 மில்லி ஆம்பியர் மணி வரை. விரல் பருமனுள்ள, ‘18650’ எனப்படும் லித்தியம் மின்கலனில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது பொய். நல்ல தயாரிப்புகள் 3,500 அளவில்தான் இருக்கும்.

உப்பிப்போன, காயம்பட்ட, வயதான மின்கலனைப் புளோக்கின் குப்பைக் குழாயிலோ நீலநிற மறுபயனீட்டுத் தொட்டியிலோ போடக்கூடாது. லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். 2021ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதிமுதல் சிங்கப்பூரில் ஒழுங்குபடுத்தப்பட்ட மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடப்பில் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள பழைய மின்கலன்களின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, அவற்றை ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம். உப்பியவற்றைத் தொட்டியில் போடாமல், சேகரிப்பு நிறுவனத்திடம் கேட்டு ஒப்படைக்க வேண்டும்.

வெளிநாட்டில் படகு விடப் போவோர் லித்தியம் மின்கலன்களைக் கைப்பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். விமானங்களில் பொதுவான எல்லை ஒரு மின்கலனுக்கு 100 வாட் மணி. 6.6 வோல்ட், இரண்டு ஆம்பியர் மணி கொண்டது 13.2 வாட் மணிதான். முனைகளை மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வைத்து, விமான நிறுவனத்தின் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

காற்றும் வெயிலும்

டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று பாய்மரப் படகுக்கு நல்ல காலம். வின்ச்சுக்குக் கடின காலமும் அதுவே. மென்காற்றில் மூன்று மணி நேரம் தாங்கிய மின்கலன் ஜனவரியில் அதில் பாதி நேரத்தில் களைத்துவிடலாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் ‘சுமத்ரா’ புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. வானம் மேற்கில் கறுத்தால் படகைக் கரையேற்றிவிட வேண்டும்.

வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ, மூடிய படகுக்குள்ளோ மின்கலனை விட்டுவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். ஓட்டம் முடிந்ததும் மூடியைத் திறந்து, மின்கலனை வெளியே எடுத்து, இணைப்பு முனைகளைத் துடைத்து உலரவிட வேண்டும். பச்சை அல்லது கறுப்புப் படிந்த கம்பியை மாற்றிவிடுவது நல்லது.

சமிக்ஞை விட்டுப்போனால் பாயைத் தளர்த்தும்படி ரிசீவரில் ‘ஃபெயில்சேஃப்’ அமைத்துவைப்பது பலருக்கும் தெரியும். மின்சாரமே போய்விட்டால் அது வேலை செய்யாது. அந்த நிலையில் உதவக்கூடியது காற்று மட்டுமே. அதனால், அனுமதிக்கப்பட்ட இடத்தில் எந்தக் கரையை நோக்கிக் காற்று வீசுகிறதோ அந்தக் கரையில் நின்று படகு விடுவது நல்லது. கட்டுப்பாடு இழந்தாலும் படகு மெல்ல மெல்ல அந்தக் கரைக்கே மிதந்து வர வாய்ப்பு அதிகம்.

நீரில் இறக்கும் முன் ஒரு நிமிடச் சோதனை போதும். டிரான்ஸ்மிட்டரின் மின்கலன் நிறைந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். படகின் பாயைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டே வின்ச்சை இயக்க வேண்டும். அதே வேளையில் சுக்கானையும் திருப்ப வேண்டும். சுக்கான் தயங்கினாலோ ரிசீவர் விளக்கு மினுக்கினாலோ அன்று படகைக் கரையிலேயே வைத்துக் காரணத்தைத் தேட வேண்டும்.